பி.காம். படித்தவர் ஹாம் ரேடியோ தேர்வு எழுதலாமா?

கேட்டிருப்பவர் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறார். வயது 38. பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டவர். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த நிலையம் வைத்து அலைவழி பிறரோடு பேசுவதற்கான உரிமம் எடுக்க ஆசை. அவருக்கு நான்கு கேள்விகள்: உரிமத்தின் இரண்டு நிலைகளில் ரெஸ்ட்ரிக்டடா, ஜெனரலா? இந்த வயதில் மோர்ஸ் என்ற புள்ளி-கோடு தந்திக் குறியீடு வருமா? எத்தனை மாதம் படிக்க வேண்டும்? வினா வங்கியை மனப்பாடம் செய்தால் போதுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேறுவதற்கு மனப்பாடம் போதும். அப்படித் தேறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமம் வந்து செட்டும் வாங்கியபின், டைபோல் ஆன்டெனாவின் வயரை எத்தனை அடிக்கு வெட்டுவது என்று எனக்கு போன் செய்வார்கள். தேர்வில் விடை எழுதிய கணக்குதான் அது. நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பு இதுதான். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் எழுதலாம், பட்டம் தேவையில்லை. வினாத்தாளைத் தமிழில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பகுதிகள்: ஒன்று ரேடியோ கோட்பாடும் செய்முறையும், மற்றது விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஜெனரலுக்கு ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 55. அதோடு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். விண்ணப்பம், கட்டணம், தேர்வுத் தேதி எல்லாம் சரள் சஞ்சார் இணையதளத்தில் வரும். படிவங்களும் கட்டணமும் அவ்வப்போது மாறும். பழைய குறிப்புகளை நம்பாமல் அங்கேயே பாருங்கள்.

"ஒவ்வொரு பகுதியிலும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை விழுந்தது அங்கேதான். அப்போது எனக்கு ரேடியோ, டிவி பழுது பார்ப்பதில் இருபது வருட அனுபவம். வால்வு செட்டிலிருந்து கலர் டிவி வரை கைபடாதது இல்லை. அந்த மிதப்பில் விதிமுறைப் புத்தகத்தைத் தேர்வுக்கு முந்தின நாள் பஸ்ஸில்தான் திறந்தேன். கோட்பாட்டில் ஐம்பதுக்கு 41, விதிமுறையில் 19. இருபது வேண்டும். மொத்தம் அறுபது எடுத்தும் தேறவில்லை. பட்டறையில் ஒரு மாதம் எல்லோரும் கேலி செய்தார்கள். உங்களைப் போல் கணக்குப் பின்னணியில் வருபவர்கள் இந்தப் பகுதியில் சறுக்கி நான் பார்த்ததில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கோட்பாடு. பள்ளிப் புத்தகங்களைத் தேடி எடுங்கள். பத்தாம் வகுப்பு மின்னோட்டப் பாடமும், பன்னிரண்டாம் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம், குறைகடத்திப் பாடங்களும் போதும். தமிழ்வழிப் புத்தகத்தில் புரிந்துகொண்டு, சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பழகுங்கள். மின்தூண்டல் எண் என்றால் இண்டக்டன்ஸ், மின்தேக்குத்திறன் என்றால் கெபாசிட்டன்ஸ், ஒத்ததிர்வு என்றால் ரெசொனன்ஸ். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டால் நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஓம் விதியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கிர்க்காஃபின் முதல் விதியோ உங்கள் பேரேடுதான். ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் டேலி ஆக வேண்டும், அவ்வளவுதான். திறன் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவான, எல்லோரும் மிரளும் டெசிபலும் உங்களுக்குத் தெரிந்த கணக்கே. பத்து சதவீதக் கூட்டுவட்டியில் ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு முறை பணம் இரட்டிப்பாகிறது இல்லையா? அதுபோல 3 டெசிபல் கூடினால் திறன் இரண்டு மடங்கு, 6 கூடினால் நான்கு மடங்கு, 9 கூடினால் எட்டு மடங்கு. 10 டெசிபல் என்றால் சரியாகப் பத்து மடங்கு. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் தேர்வில் வரும் டெசிபல் கணக்குகளில் பெரும்பாலானவற்றைப் பேனா எடுக்காமலே போட்டுவிடலாம்.

மின்தடையின் வண்ணக் குறியீட்டுக்கு ஆங்கிலத்தில் ஏதேதோ வாசகம் சொல்லித் தருவார்கள். தேவையில்லை. கருப்பு 0, காப்பிக்கொட்டை நிறம் 1. பிறகு வானவில்: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. கடைசியில் சாம்பல் 8, வெள்ளை 9. இருட்டில் ஆரம்பித்து வானவில் வழியாக வெளிச்சத்துக்கு வருவதாக நினைத்துக்கொண்டால் மறக்காது.

இதற்குமேல் உள்ளவற்றைக் காதால் படியுங்கள் என்பேன். உங்கள் தேர்வில் பாதி, வீட்டுப் பரணில் தூங்கும் பழைய ரேடியோவுக்குள் இருக்கிறது. டயல் முள் நகரும் செட்டாக இருக்க வேண்டும். இப்போது மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் செட்டுகளின் உள்கட்டமைப்பு வேறு, நான் சொல்லப்போகும் சோதனை அவற்றில் எடுபடாது.

அப்படிப்பட்ட இரண்டு செட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை மீடியம் வேவில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மற்றதை 1391 பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் அதன் இரைச்சல் சட்டென்று அடங்கும். அங்கே வேறு நிலையம் ஏதாவது லேசாக வந்துகொண்டிருந்தால் விசில் அடிக்கும். முதல் செட்டின் முள்ளைக் கொஞ்சம் அசைத்தால் அந்த இடமும் கூடவே நகரும். முதல் செட்டுக்குள் ஓடும் லோக்கல் ஆசிலேட்டரை, அதாவது அது தானே உண்டாக்கும் அலையைத்தான் இரண்டாவது செட் பிடிக்கிறது. நாம் கேட்கும் அலைவரிசையைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே அது ஓடுகிறது. இரண்டும் கலந்து அந்த வித்தியாசமான 455 மட்டும் வடிகட்டிப் பெருக்கப்படுகிறது. சூப்பர்ஹெட்டரொடைன் ரிசீவர் என்று பாடத்தில் கட்டம் கட்டமாக வரைந்திருப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். இமேஜ் ஃப்ரீக்வென்சி என்று தேர்வில் கேட்பார்களே, அதையும் இதிலேயே முடித்துவிடலாம். 1391-க்கு இந்தப் பக்கம் 455 தள்ளி 936. அந்தப் பக்கம் 455 தள்ளினால் 1846. அங்கே பலமான சிக்னல் இருந்தால் வடிகட்டியை ஏமாற்றி அதுவும் உள்ளே வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் நம் ஹாம்களுக்கான 160 மீட்டர் பேண்ட் (அலைவரிசைப் பகுதி). பக்கத்து வீட்டு ஹாம் மைக்கைத் திறந்தால் உங்கள் திருச்சி நிலையத்தின் மேல் அவர் ஏறிவிடலாம். தப்பு அவருடையதா, உங்கள் ரேடியோவுடையதா என்பதும் தேர்வில் வரக்கூடிய கேள்விதான்.

அடுத்து ஷார்ட் வேவ். பழைய செட்டுகளின் கண்ணாடியில் 25, 31, 41 மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். நம்முடைய 40 மீட்டர் பேண்ட், அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அந்த 41 மீட்டர் ஒலிபரப்புப் பகுதியை ஒட்டிக் கீழே இருக்கிறது. காலை வேளையில் மாடிக்குப் போய் பத்தடி வயரை ஏரியலோடு கட்டிவிட்டு அங்கே திருப்புங்கள். வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அது மனிதக் குரல்தான், எஸ்எஸ்பி (சிங்கிள் சைடுபேண்ட்) முறையில் வருவது. ஏன் வாத்து? சாதாரண ஏஎம் ஒலிபரப்பில் ஒரு கேரியரும் (செய்தியைச் சுமக்கும் அலை) அதன் இரண்டு பக்கமும் இரண்டு சைடுபேண்டும் போகின்றன. செய்தி இரண்டு பக்கமும் ஒன்றேதான், கேரியரில் செய்தியே இல்லை. ஆனால் திறனில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். கேரியரையும் ஒரு பக்கத்தையும் வெட்டிவிட்டு மிச்சமுள்ள பக்கத்தை மட்டும் அனுப்புவதுதான் எஸ்எஸ்பி. வெட்டிய கேரியரை ரிசீவர் தானே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் பிஎஃப்ஓ என்ற சுற்று உங்கள் செட்டில் இல்லை, அதனால்தான் வாத்து. இதை ஒரு முறை காதால் கேட்டவருக்கு பேலன்ஸ்டு மாடுலேட்டர், கேரியர் சப்ரஷன் எல்லாம் வெறும் சொற்களாக இருக்காது. அந்த வாத்துக் குரலைத் தெளிவாகக் கேட்க ஆசை வந்தால், உலகெங்கும் ஹாம்கள் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களுக்குப் போங்கள். நெதர்லாந்தின் ட்வென்டெ பல்கலைக்கழகத்தில் உள்ளது பிரபலம். செல்போனிலேயே கேட்கலாம், காசு கிடையாது.

அலைபரவல் பாடத்துக்கும் இதே வழிதான். இரவில் மீடியம் வேவைத் திருப்பினால் பகலில் இல்லாத நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுவதைக் கவனித்திருப்பீர்கள். பகலில் அயனி மண்டலத்தின் கீழே உள்ள டி அடுக்கு, இந்தத் தாழ்ந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும். அலைகள் மேலே எஃப் அடுக்குவரை ஏறி, திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். 7 மெகாஹெர்ட்ஸிலும் அப்படியே. பகலில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா. இருட்டியபின் தூர தேசங்கள். ஒரு வாரம் காலை, மதியம், இரவு என்று என்ன கேட்கிறது என்பதைக் குறித்துவையுங்கள். அந்தப் பாடத்துக்கு அதுவே போதும்.

இனி விதிமுறைகள். உங்களுக்கு இது எளிது என்று சொன்னதற்குக் காரணம், இதில் பாதி பதிவேடு வைக்கும் ஒழுங்குதான். லாக் புத்தகம் என்பது நாட்பதிவேடு: தேதி, நேரம், அலைவரிசை, யாரோடு பேசினோம், எந்த முறையில். நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். இரவு 7.45 என்றால் 14.15. விடியற்காலை 3 மணிக்குப் பேசினால் யூடிசியில் அது முந்தைய தேதி. இந்த ஒரு வலையில் நிறையப் பேர் சிக்குவார்கள்.

க்யூ கோடுகள், அதாவது க்யூ என்று தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களைப் பட்டியலாக உருப்போடாதீர்கள், ஒரே நாளில் கலந்துவிடும். பேண்டில் நடப்பதோடு முடிச்சுப் போடுங்கள். பக்கத்து நிலையம் ஏறி வந்தால் க்யூஆர்எம், ஐப்பசி மாத இடி படபடத்தால் க்யூஆர்என். எம் (M) மனிதன் செய்வது, என் (N) இயற்கை செய்வது. குரல் அலைபோல ஏறி இறங்கினால் க்யூஎஸ்பி. வேறு அலைவரிசைக்குப் போவோம் என்றால் க்யூஎஸ்ஒய். கடையை மூடினால் க்யூஆர்டி. உங்கள் க்யூடிஎச், அதாவது இருப்பிடம், திருச்சி. வீட்டில் யாராவது ஒத்துழைத்தால் ஒரு வாரம் இப்படியே பேசிப் பாருங்கள். என் மனைவி இன்றும் சாப்பிடக் கூப்பிட்டால் நான் "க்யூஆர்எக்ஸ்" என்பேன். கொஞ்சம் பொறு என்று பொருள். அவருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

கால்சைன், அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் தரப்படும் அடையாளப் பெயர் விஷயத்திலும் உருப்போட வேண்டியது குறைவு. எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்பதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பங்கு பிரித்திருக்கிறது. நமக்கு விடி முதல் விடபிள்யூ வரை ஒரு பங்கு. திருச்சி விமான நிலையத்தில் நிற்கும் இந்திய விமானங்களின் உடலில் விடி என்று எழுதியிருப்பதும் இதே ஏற்பாட்டில்தான். ஹாம்களுக்கு வியூ. ஜெனரலுக்கு வியூ2, ரெஸ்ட்ரிக்டடுக்கு வியூ3. அந்தமானுக்கு வியூ4, லட்சத்தீவுக்கு வியூ7. ராஜீவ் காந்தியின் கால்சைன் வியூ2ஆர்ஜி. இலங்கை ஹாம்களைக் கேட்டால் 4எஸ்7 என்று தொடங்குவார்கள்.

என்னென்ன செய்யக்கூடாது என்ற பட்டியலையும் மறக்காதீர்கள். பாட்டு ஒலிபரப்பக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசியக் குறியீடு கூடாது. மூன்றாம் ஆளுக்காகச் செய்தி கடத்துவதிலும் கட்டுப்பாடு உண்டு. பேரிடர் வேளையில் மட்டும் நிலைமை மாறும். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு ஏற்கெனவே நிலையம் அமைத்துத் தொலைதூரத் தொடர்புகளுக்காக உட்கார்ந்திருந்தது. பாரதி பிரசாத் தலைமையில் போன குழு அது. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து உயிரோடிருப்பவர்கள் பற்றிய செய்திகளைக் கரைசேர்த்தது அந்த நிலையம்தான். அவசரகாலத் தொடர்பு பற்றிய கேள்விகள் வரும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் செய்திக்கு முன்னுரிமை என்பது தானே விளங்கும்.

சட்டங்களின் பெயரில் ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் 1885 தந்திச் சட்டம், 1933 வயர்லெஸ் சட்டம், 1978 அமெச்சூர் விதிகள் என்று இருக்கும். அந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. பாடத்திட்டத்தின் இன்றைய பிரதியை வைத்தே படியுங்கள்.

இனி ரெஸ்ட்ரிக்டடா, ஜெனரலா? பலர் ஜெனரல் கேட்பது திறனுக்காக. குறுஅலையில் ரெஸ்ட்ரிக்டட் 50 வாட், ஜெனரல் 400 வாட். எட்டு மடங்கு! கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. மேலே படித்த டெசிபலை இங்கே போடுங்கள். எட்டு மடங்கு 9 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் ரிசீவரின் எஸ் மீட்டரில் ஒரு எஸ் அளவு 6 டெசிபல். ஆக, எதிர்முனையில் இருப்பவருக்கு முள் ஒன்றரை எஸ் கூடும், அவ்வளவுதான். ஆன்டெனாவை முறைப்படி உயரத்தில் கட்டினால் பல நேரம் அதைவிட அதிகம் கிடைக்கும். திறனுக்காக ஜெனரல் வேண்டாம். மோர்ஸ் மேல் ஆசை இருந்தால் எடுங்கள். எனக்கு இருந்தது.

மோர்ஸ் வயதைப் பார்ப்பதில்லை. புள்ளி, கோடு என்று தாளில் பார்த்துக் கற்றவர்களைத்தான் அது படுத்தும். தேர்வில் ஐந்து நிமிடம் வாங்க வேண்டும். சொல்லுக்கு ஐந்து எழுத்து வீதம் 200 எழுத்து. ஐந்து பிழைக்கு மேல் போகக்கூடாது. அந்த வேகத்தில் ஒரு புள்ளிக்கு 150 மில்லிநொடி. புள்ளிகளை எண்ணுவதற்கு நேரம் இருப்பதுபோலத் தோன்றும். அந்த ஆசையில்தான் கெட்டுப்போவார்கள். எண்ணிப் பழகியவருக்கு வேகம் ஒருபோதும் ஏறாது. அதனால் எழுத்தை மட்டும் வேகமாக, 15 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை நீட்டிப் பயிற்சி செய்யுங்கள். முதல் நாள் கே, எம் என்ற இரண்டு எழுத்து மட்டும். இரண்டும் தொண்ணூறு சதவீதம் சரியாக வந்தபின் மூன்றாவது. கோக் முறை என்பார்கள். எல்சிடபிள்யூஓ என்ற இணையதளம் இதை இலவசமாகவே கற்றுத் தருகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு: புள்ளி ஒரு மாத்திரைக் குறில், கோடு மூன்று மாத்திரை அளபெடை. கே என்றால் "தாஅஅ தி தாஅஅ". வாய்விட்டுச் சொல்லுங்கள். மிருதங்கக்காரர் சொற்கட்டைக் கையில் எடுப்பதற்கு முன் வாயில் எடுப்பாரே, அப்படி. தினம் இருபது நிமிடம் போதும், ஒரு நாளும் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. பாதியில் ஒரு கட்டத்தில் பத்து நாள் முன்னேற்றமே தெரியாது. அங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டு, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தவன்தான்.

எத்தனை மாதம்? ரெஸ்ட்ரிக்டடுக்கு, கடை முடிந்து தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதம். ஜெனரலுக்கு மோர்ஸ் ஐந்தாறு மாதம் கேட்கும். தேர்வு அறிவிப்பு எப்போது வருமோ தெரியாது என்பதால் ரெஸ்ட்ரிக்டடுக்கு உடனே தயாராகுங்கள், மோர்ஸைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். வினா வங்கியைக் கடைசி மூன்று வாரத்தில் எடுங்கள். அதற்கு முன் தொட்டால், கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்ததும் கை தானாக விடையைத் தொடப் பழகிவிடும். எண்ணை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

தேறியதும் கையில் வருவது சான்றிதழ்தான். உரிமம் தனி விண்ணப்பம். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து கால்சைன் வர நாள் பிடிக்கலாம். அதுவரை டிரான்ஸ்மிட்டர் வாங்காதீர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கிடாக்கி கிடைக்கிறது என்று நண்பர்கள் தூண்டுவார்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். கேட்பதற்கான ரிசீவர் போதும்.

கால்சைனுக்காகக் காத்திருக்கும் நாட்களில் ஆன்டெனா கட்டுங்கள். அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு 20.1 மீட்டர் வரும். நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து மீட்டர், 50 ஓம் கேபிள் நடுவில் சேரும். உறையூர்ப் பக்கம் மாடிகள் நெருக்கம் என்றால் நடுவை உயர்த்தி இரண்டு முனைகளையும் தாழ்த்தித் தலைகீழ் வி வடிவில் கட்டலாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். கடையில் வயரை 22 மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். முனைகளைச் சுற்றிக் கட்டவே ஒரு மீட்டர் போய்விடும்.